தூக்கம் இருவருக்கும் ஐந்தரை மணி நேரம், எடை மட்டும் ஏன் வேறு?

மும்பை செம்பூரில் வசிக்கும் ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. பள்ளி, பயிற்சி வகுப்பு, வீட்டுப்பாடம் என்று ஓடி, இரவு பன்னிரண்டரைக்குப் படுத்துக் காலை ஆறு மணிக்கு எழுகிறாள். ஒரே வருடத்தில் 8 கிலோ கூடிவிட்டது. தூக்கம் போதாததால்தான் எடை ஏறுகிறது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் வீட்டில் வேலை செய்பவரின் மகளுக்கும் அதே வயது, வீடு தாராவியில். அவளும் ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறாள், ஈர்க்குச்சி போல் இருக்கிறாள். அப்படியானால் தூக்கத்துக்கும் எடைக்கும் தொடர்பு என்பது வெறும் பேச்சா, எல்லாம் பரம்பரை உடல்வாகுதானா என்று கேட்கிறார்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தூக்கக் குறைவு எடையைக் கூட்டுமா என்பது ஒன்று. கூட்டும் என்றால் எல்லாரிடமும் ஏன் கூட்டவில்லை என்பது மற்றொன்று. மூன்றாவதாக, நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றும் எனக்குக் கேட்கிறது: தூக்கம் காரணமில்லை என்றால் இந்த ஒரு வருடம் மட்டும் இப்படியே போகட்டும் என்று விட்டுவிடலாமா? அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் குழந்தைகள் நல மருத்துவர். மும்பையில் 26 ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். காலையில் செம்பூரில் கிளினிக், வாரத்தில் இரண்டு பிற்பகல் தாராவி 90 அடி சாலைக்குப் பின்னால் ஓர் அறக்கட்டளையின் இலவச மருத்துவமனை. நீங்கள் சொல்லும் இரண்டு பெண்களைப் போன்றவர்கள் ஒரே நாளில் என் முன்னால் வந்து உட்காருவதுண்டு. ஆனால் உங்கள் மகளை நான் பார்த்ததில்லை. அவளுக்கு என்ன என்று இங்கிருந்து சொல்ல என்னால் முடியாது. அந்த வயதுப் பிள்ளைகளைப் பற்றித் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில், சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியது. தூக்கம் குறைந்தால் பசி கூடும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2004-இல் வெளியான ஆய்வில், ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரமும், வேறு இரண்டு இரவுகள் பத்து மணி நேரமும் படுக்க வைத்துப் பார்த்தார்கள். தூக்கம் குறைந்தபோது, வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் 18% குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28% கூடியது. பசி எவ்வளவு என்று அவர்களே மதிப்பிட்டதில் 24% உயர்வு. அதிலும் இனிப்பு, வறுவல், மாவுப் பண்டங்கள் மீதே ஆசை அதிகம். அமெரிக்காவில் வளரிளம் பருவத்தினரை வைத்து 2013-இல் செய்த ஆய்வில், ஐந்து இரவுகள் ஆறரை மணி நேரமே படுக்கவிட்டபோது அவர்கள் இனிப்புப் பண்டங்களைக் கூடுதலாகத் தின்றார்கள். எனவே பிள்ளை இரவு பதினொரு மணிக்குச் சமையலறைக்குள் போய் டப்பாவைத் திறப்பதை நாக்கை அடக்கத் தெரியாத குணம் என்று எண்ணிவிடாதீர்கள். அவளுடைய உடம்புதான் அவளை எழுப்பி அனுப்புகிறது.

விழித்திருந்தால் உடம்பு அதிகம் செலவழிக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. செலவழிக்கிறது. 2013-இல் கொலராடோவில் செய்த சோதனையில், ஐந்து நாட்கள் ஐந்து மணி நேரமே தூங்கவிடப்பட்ட பெரியவர்களின் ஆற்றல் செலவு சுமார் 5% கூடியது. ஆனால் அவர்கள் தின்றது அதைவிடக் கூடுதல். அதுவும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கொறித்ததுதான் அதிகம். ஐந்து நாளில் ஏறக்குறைய 800 கிராம் எடை ஏறியது.

இந்தச் சோதனைகளில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது: வேண்டிய அளவு எடுத்துத் தின்ன அங்கே உணவு கையெட்டும் தூரத்தில் இருந்தது. உங்கள் கேள்விக்கான விடை இங்கேதான் தொடங்குகிறது. தூக்கக் குறைவு தானாகக் கொழுப்பை உண்டாக்குவதில்லை. கையை நீட்ட வைக்கிறது. நீட்டிய கைக்கு என்ன அகப்படுகிறது என்பது வீட்டைப் பொறுத்தது.

நான் பிள்ளைகளிடம் தினசரி காலண்டரில் கிழித்த தாளைப் பத்திரப்படுத்தி, அதன் பின்பக்கத்தில் அன்று படுத்தது, எழுந்தது, தின்றது மூன்றையும் நேரம் போட்டு எழுதிவரச் சொல்வது வழக்கம். செம்பூர்ப் பெண் ஒருத்தி எழுதிய தாள் ஒன்று (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்): "8.50 கிளாஸ் முடிந்தது. 9.40 வீடு. 10.00 மூன்று சப்பாத்தி, உருளைக்கிழங்கு. 11.30 பிஸ்கட் ஆறு. 12.15 நூடுல்ஸ், அம்மா செய்துகொடுத்தாள். 1.00 படுத்தேன், தூக்கம் வரவில்லை." காலைச் சாப்பாடு அந்தத் தாளில் இல்லை. இரவு பன்னிரண்டு மணிக்குத் தின்றவளுக்குக் காலை ஆறரைக்கு எப்படிப் பசிக்கும்? பகலில் பாதி நாள் வெறும் வயிறு, பள்ளி இடைவேளையில் ஒரு சமோசா, இரவு பத்து மணியிலிருந்து முழு நாள் சாப்பாடு. அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விழித்துப் படிக்கும் பிள்ளைக்குச் சூடாக ஏதாவது செய்துகொடுப்பதுதான் நம் வீடுகளில் பாசம்.

தாராவிப் பெண்ணின் தாள் வேறு மாதிரி இருந்தது. "4.00 தண்ணீர் வந்தது, டிரம் நிரப்பினேன். 4.40 முதல் ஈடு இட்லி. 6.15 டீ, பட்டர் பிஸ்கட் இரண்டு. 7.00 ஸ்கூல்." அவளுடைய பெற்றோர் இட்லி வியாபாரம் செய்பவர்கள். மும்பையின் தெருக்களில் காலையில் அலுமினியப் பாத்திரத்தோடு வரும் இட்லிக்காரர்களில் பலர் தாராவித் தமிழர்கள். அவர்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வருவது விடிவதற்கு முன்னால்தான். பத்துக்குப் பன்னிரண்டு அறை, மேலே ஒரு பரண், ஆறு பேர். மோரி பக்கம் (அறை மூலையில் உள்ள கழுவுமிடம்) பாத்திரம் கழுவி முடிகிற வரை விளக்கை அணைக்க முடியாது. எனவே பத்து மணிக்குப் படுத்தாலும் தூங்குவது பதினொன்றுக்கு. ஐந்தரை மணி நேரம் என்று நீங்கள் எழுதியிருப்பது அவளைப் போன்ற பெண்ணுக்குப் படுக்கையில் கிடக்கும் நேரமாகத்தான் இருக்கும். தூக்கம் அதைவிடக் குறைவு. அவளுக்கும் பசி கூடுகிறது. ஆனால் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது விற்பதற்கான இட்லி. அதை எண்ணி வைத்திருப்பார்கள். மேலும் தூக்கும் குடம், ஏறும் பரண், பள்ளிக்கு நடை என்று அவள் செலவழிப்பது உங்கள் மகளைவிட அதிகம்.

இன்னொன்றும் உண்டு. மத்திய அரசின் மதிய உணவுத் திட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டில் சத்துணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு, இங்கே இல்லை. உடம்பு வேகமாக வளர்கிற பருவத்தில், ஒன்பதாம் வகுப்பில் கால் வைத்த அன்றே அந்தப் பெண்ணின் தட்டிலிருந்து ஒரு வேளைச் சோறு போய்விடுகிறது. இது எனக்கு ஆறாத வருத்தம்.

பணம் இருந்தால் பருமன், இல்லாவிட்டால் மெலிவு என்று இதைச் சுருக்கிவிடவும் கூடாது. 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய அளவிலான ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளில் 24% பேர் வயதுக்கு ஏற்ற எடையின்றி மெலிந்தும், 5% பேர் அதிக எடையோடும் இருந்தார்கள். இரண்டும் ஒரே நாட்டில், ஒரே தெருவில், சில நேரம் ஒரே வீட்டில் இருக்கின்றன. சயான் பக்கம் ஒரு சாலில் (வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட குடியிருப்பு) குடியிருக்கும் 14 வயதுப் பையன் என்னிடம் வருகிறான். அப்பாவுக்கு இரவு ஷிப்ட், அம்மா மூன்று வீடுகளில் வேலை. வீட்டில் சமைத்து வைத்துப் பரிமாற ஆளில்லை. கையில் முப்பது ரூபாய் கொடுத்துவிடுகிறார்கள். ஐந்து ரூபாய் சிப்ஸ் பொட்டலம், ஒரு வடாபாவ், பத்து ரூபாய் குளிர்பானம். இரவு இரண்டு மணி வரை கைப்பேசி. அவன் எடை 78 கிலோ. அவனுடைய தெருவில் மிக மலிவாகக் கிடைப்பது எண்ணெயும் மைதாவும் சர்க்கரையும்தான்.

அமெரிக்காவில் பல பின்னணிப் பிள்ளைகளை ஒப்பிட்ட கணக்குகளும் இதைத்தான் வேறு வழியில் காட்டுகின்றன. அங்கே 2015-இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகவே தூங்கினார்கள். கறுப்பின மாணவர்களிலும் சரி, ஆசிய வம்சாவளி மாணவர்களிலும் சரி, பெரும்பான்மையினர் அப்படித்தான். ஆனால் 2 முதல் 19 வயதுப் பிள்ளைகளில் உடல் பருமன், ஹிஸ்பானியரிடம் 26%, கறுப்பினத்தவரிடம் சுமார் 25%, வெள்ளையரிடம் சுமார் 17%, ஆசியரிடம் 9%. குறைந்த தூக்கம் எல்லாரிடமும் இருந்தும் எடை ஒரே மாதிரி ஏறவில்லை. தெருவின் சத்தம், வீட்டு நெருக்கடி, வருமானம், பக்கத்தில் என்ன கடை இருக்கிறது என்பதையெல்லாம் கணக்கில் எடுத்தால் இந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி விளங்குகிறது. மீதியில் பரம்பரைக்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

பரம்பரை இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. உடல்வாகு பெற்றோரிடமிருந்து வருவதுதான். ஆனால் ஒரே வருடத்தில் 8 கிலோ ஏறியதற்குப் பரம்பரை மட்டும் காரணமாக முடியாது. உங்கள் மகளின் மரபணு போன வருடமும் இதுவேதான். மாறியது அவளுடைய நாள்.

இனி, உறுதியில்லாத பகுதி. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளியான கணக்கில், குறைவாகத் தூங்கும் பிள்ளைகளிடம் உடல் பருமனுக்கான வாய்ப்பு விகிதம் (போதிய அளவு தூங்குபவர்களை 1 என்று வைத்தால்) 1.89, பெரியவர்களிடம் 1.55. தொடர்பு இருப்பது உண்மை. ஆனால் எது காரணம், எது விளைவு என்பதை இப்படிப்பட்ட கணக்குகள் சொல்லா. எடை கூடிய பிள்ளைக்குக் குறட்டை வரும், மூச்சு தடைபடும், அதனால் தூக்கம் கெடும். அங்கே எடைதான் முதல் குற்றவாளி. மனச்சோர்வு இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவரலாம். தூக்கத்தைக் கூட்டினால் எடை குறையுமா என்பதற்கு நல்ல சான்று பெரியவர்களிடமிருந்துதான் வந்திருக்கிறது: 2022-இல் வெளியான சிகாகோ ஆய்வில் எடை கூடுதலான 80 பேரில் ஒரு பாதிக்குத் தூங்கும் பழக்கத்தை மட்டும் சரிசெய்துகொடுத்தார்கள். அவர்கள் தினமும் சுமார் 1.2 மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள். யாரும் சொல்லாமலே நாளைக்கு 270 கலோரி குறைவாக உண்டார்கள். ஏறக்குறைய ஒரு வடாபாவ். ஆனால் அது இரண்டு வாரக் கணக்கு. பதினைந்து வயதுப் பெண்ணிடம் வருடக்கணக்கில் இதுவே நடக்கும் என்று நான் உங்களுக்கு உறுதி கொடுக்க மாட்டேன். நன்றாகத் தூங்கினால் எடை தானாக இறங்கிவிடும் என்று சொல்பவர்களை நம்பவும் வேண்டாம்.

எடையைப் பற்றியே ஓர் எச்சரிக்கை. தராசு முழு உண்மையைச் சொல்வதில்லை. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், தம்மையும் பிரிட்டன் மருத்துவர் ஒருவரையும் அருகருகே நிறுத்தி எடுத்த படம் 2004-இல் லான்செட் இதழில் வந்தது. இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடை அளவு, 22.3. உடலில் கொழுப்பு பிரிட்டன் மருத்துவருக்கு 9.1%, யாஜ்னிக்குக்கு 21.2%. ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்புக்குள் கொழுப்பு பதுங்கியிருக்கும். அதனால்தான் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையில், பெரியவர்களின் 23-க்குச் சமமான பிஎம்ஐ கோட்டைத் தாண்டினாலே அதிக எடை என்றும், 27-க்குச் சமமான கோட்டைத் தாண்டினால் பருமன் என்றும் வைத்தார்கள். உங்கள் மகளின் 8 கிலோவையும் அந்த அட்டவணையில் உயரத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பூப்பெய்திய ஓரிரு வருடங்களில் எடை கூடுவது இயற்கை. எவ்வளவு இயற்கை, எவ்வளவு மிகுதி என்பதை அட்டவணை சொல்லும், அக்கம்பக்கத்தார் சொல்ல முடியாது.

பிள்ளை ஏன் சீக்கிரம் தூங்குவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் வீடுகளில் சண்டை. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வரை தூங்கும் பிள்ளையைக் கும்பகர்ணன் என்று திட்டாத வீடு குறைவு. வளரிளம் பருவத்தில் தூக்கத்தை அழைக்கும் மெலடோனின் இரவில் சுரக்கத் தொடங்குவதே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. ஒன்பது மணிக்குப் படு என்றால் அந்த உடம்பு கேட்காது. ஆனால் 13 முதல் 18 வயதுக்கு வேண்டிய தூக்கம் 8 முதல் 10 மணி நேரம். படுப்பது தள்ளிப்போய், எழுவது பள்ளியால் நிர்ணயிக்கப்பட்டால் நடுவில் நசுங்குவது தூக்கம்தான். இதற்காகத்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2014-இல், வளரிளம் பருவத்தினரின் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்றது. கலிபோர்னியாவில் 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அது சட்டம். மகாராஷ்டிர அரசு 2024 பிப்ரவரியில் ஒன்பது மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்று ஆணையிட்டது நான்காம் வகுப்பு வரைக்கும்தான். இடமில்லாமல் இரண்டு வேளையாக நடக்கும் மும்பைப் பள்ளிகள் பலவற்றில் பெரிய பிள்ளைகளுக்குக் காலை ஏழு மணி. உடம்பின் கடிகாரம் பின்தள்ளி ஓடுகிற பிள்ளைகளைத்தான் முதலில் எழுப்புகிறோம்.

சரி, உங்கள் வீட்டில் என்ன செய்யலாம்? பள்ளி நேரம் உங்கள் கையில் இல்லை. சாப்பாட்டு நேரம் இருக்கிறது. இரவுச் சாப்பாட்டைப் பயிற்சி வகுப்புக்கு முன்னாலோ இடைவேளையிலோ கொண்டுபோங்கள். ஆறரை மணிக்கு ஒரு டிபன் பாக்ஸில் சாம்பார் சாதமோ, முட்டையோடு இரண்டு சப்பாத்தியோ கொடுத்துவிட்டால், வீடு திரும்பியபின் ஒரு டம்ளர் பாலோடு முடித்துக்கொள்ளலாம். என் அனுபவத்தில் மிக அதிகமாகப் பலன் கொடுத்தது இதுதான். மாலை நான்குக்குப் பிறகு காபி வேண்டாம். குடித்த காபியின் பாதி வேகம் ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். கைப்பேசி இரவில் கூடத்தில் சார்ஜ் ஆகட்டும், அப்பா அம்மாவுடையதும் அதே இடத்தில். பதினொன்றரைக்கு மேல் படித்தது காலையில் எவ்வளவு நினைவிருக்கிறது என்று அவளையே ஒரு வாரம் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை நம்பாதவள் அவள் கண்டதை நம்புவாள். ஞாயிறன்று ஒன்றிரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும், அதற்காகத் திட்ட வேண்டாம். அவள் எதிரில் எடையைப் பற்றி யாரும், முக்கியமாக உறவினர்கள், பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டினி கிடக்க ஆரம்பித்துவிட்டால் நிலைமை இதைவிடக் கடினமாகிவிடும்.

கழுத்தின் பின்புறம் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். அழுக்கு என்று தேய்த்துக்கொண்டிருப்பார்கள். அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். மாதவிடாய் ஒழுங்கு தவறுகிறதா, முகத்தில் முடி வளர்கிறதா, வாய் திறந்து குறட்டை விடுகிறாளா, உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுகிறாளா, முன்பு பிடித்தவை எதிலும் நாட்டம் இல்லாமல் இருக்கிறாளா? இவற்றில் ஒன்று இருந்தாலும் தூக்கத்தைச் சரிசெய்து பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். ஒன்றுமே இல்லாவிட்டாலும், வருடத்துக்கு 8 கிலோ என்றால் ஒருமுறை காட்டுவது நல்லது.

இனி அந்த மற்றப் பெண். அவள் ஒல்லியாக இருப்பதால் தூக்கக் குறைவு அவளை ஒன்றும் செய்யவில்லை என்று நீங்கள் நினைத்ததுதான் இந்தக் கேள்வியிலேயே என்னை அதிகம் வருத்தியது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1% பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்தால் இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும். அம்மாக்கள் கால் குடைச்சல் என்று தைலம் தேய்த்துவிடுவார்கள். குறைந்த தூக்கத்திலும் பாதி அப்படிப் போய்விடும். நான் சொன்ன இட்லிக்காரர் மகளுக்கு ஹீமோகுளோபின் 8.6 இருந்தது. வகுப்பில் தூங்கி விழுகிறாள், படிப்பில் அக்கறையில்லை என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். இரும்பு மாத்திரை கொடுத்தோம். டிரம் நிரப்பும் வேலையை வாரத்தில் நான்கு நாள் அண்ணன் எடுத்துக்கொண்டான், அவளுக்கு நாற்பது நிமிடம் கிடைத்தது. ஒவ்வொரு ஈட்டிலும் அவளுக்கென்று இரண்டு இட்லி தனியாக எடுத்துவைக்கச் சொன்னோம், அவர்களும் செய்தார்கள். மூன்று மாதத்தில் இரண்டு கிலோ ஏறியிருந்தாள். கால் குடைச்சல் நின்றுவிட்டது என்றாள்.

உங்கள் வீட்டில் வேலை செய்பவரிடம் மகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். மாநகராட்சி மருத்துவமனையில் செய்துகொள்ளலாம். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் திட்டம் உண்டு, அவள் அதை வாங்கி விழுங்குகிறாளா என்றும் விசாரியுங்கள். இன்னொன்று, அவர் மாலை எத்தனை மணிக்கு உங்கள் வீட்டு வேலையை முடிக்கிறார்? அவர் எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்து சமைத்தால் அந்த வீட்டில் விளக்கு அணையப் பதினொன்று ஆகும். அவர் வரும் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னால் மாற்ற உங்களால் முடியுமா என்று பாருங்கள்.